‘பொண்ட்’ என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன?

நீங்கள் கேட்டிருப்பதை நான் விளங்கிக்கொண்டது இப்படி. கட்டுநாயக்கவில் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையின் பயிற்சிக் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் ‘பொண்ட்’ (bond) என்ற ஆங்கிலச் சொல் மூன்று இடங்களில் வருகிறது. பயிலுநர் வேலையில் சேரும் நாளில் பொண்டில் கையெழுத்திட வேண்டும் என்பது ஓரிடம். இறக்குமதியான துணி பொண்டில் இருக்கிறது என்பது இன்னோரிடம். வெட்டிய துணியைப் பொண்டிங் இயந்திரத்தில் விரிக்க வேண்டும் என்பது மூன்றாவது. பத்திரிகையில் பார்த்துப் பழகிய ‘பிணைமுறி’யை மூன்று இடத்திலும் போட்டுவிட்டீர்கள். “பிணைமுறி இயந்திரத்தில் துணியை விரிக்கவும்” என்ற வரியைப் படித்த மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். நீதிமன்றத்தில் பிணை, பாடநூலில் பிணைப்பு, மத்திய வங்கியில் முறி, பத்திரிகையில் பிணைமுறி என்று ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்களே, இதில் யார் பிழை, எது சரி என்று கேட்கிறீர்கள்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மொழியியல் படித்தவன் அல்லன். கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள ஒழுங்கை ஒன்றில், ஒரு மேசையும் இரண்டு கதிரையும் கொள்ளும் அறையில், 32 ஆண்டுகள் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். காணி உறுதி, வழக்கேடு, பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கடிதம் ஆகியவற்றோடுதான் என் காலம் போனது. சட்டம் பற்றி நான் சொல்வது ஒரு மொழிபெயர்ப்பாளனுக்குத் தெரிந்த அளவே. சட்டத்தரணியைக் கேட்க வேண்டிய இடத்தில் என்னை நம்பிவிட வேண்டாம். இரசாயனத்தில் நான் உயர்தரத்தோடு நின்றுவிட்டேன்.

பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், யாரும் பிழையில்லை. பத்திரிகைகள் மட்டும் கொஞ்சம் பிழை, அதுவும் பாதிதான். பொண்டுக்கு ஒரே தமிழ்ச் சொல் கிடையாது, தேடவும் வேண்டாம். அந்தச் சொல் வரும் இடத்தில் நிறுத்தி, யாரை அல்லது எதை எதனோடு கட்டியிருக்கிறார்கள், அந்தக் கட்டு அவிழ்ந்தால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். விடை கிடைத்தால் தமிழ்ச் சொல் பெரும்பாலும் தானாக வந்துவிடும். வராத இடமும் ஒன்று உண்டு. உங்கள் கையேட்டிலேயே அது இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் பிறந்த கதை நமக்கு அந்நியமானதன்று. கட்டுதல் என்ற பொருளுள்ள ‘பைண்ட்’, கட்டும் பட்டியைக் குறிக்கும் ‘பேண்ட்’, இந்தப் ‘பொண்ட்’ எல்லாம் ஒரே குடும்பம். வடமொழியின் ‘பந்த்’ என்ற வேரும் அதே மூலத்திலிருந்து வந்ததுதான். நாம் அன்றாடம் சொல்லும் பந்தம், சம்பந்தம், நிர்ப்பந்தம், பந்துக்கள் எல்லாம் அந்த வேரின் பிள்ளைகள். அதாவது கல்யாண வீட்டில் ‘சம்பந்தி’ என்று ஒருவரை அழைக்கும்போது, மத்திய வங்கி ஏலத்தில் விற்கும் பொருளின் தூரத்து உறவுக்காரரைத்தான் அழைக்கிறோம். சிங்களத்திலும் இந்த வேர் இருக்கிறது. அரசாங்கம் நீண்ட காலக் கடன் வாங்க விற்கும் பத்திரமான திறைசேரி முறியை அவர்கள் ‘பெந்தும்கர’ என்கிறார்கள், இரசாயனப் பிணைப்பைப் ‘பந்தன’ என்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே அடி. தமிழ் இந்த வேலைகளுக்கெல்லாம் ‘பிணை’ என்ற தன் சொந்த வினையை எடுத்துக்கொண்டது. கயிற்றைப் பிணைப்பதும் மாட்டைப் பிணைப்பதும் அதுவே. அதற்கு விகுதிகளை மாற்றி மாற்றிப் போட்டு, நீதிமன்றத்துக்குப் பிணை, அணுவுக்குப் பிணைப்பு, கடனுக்கு ஈடாக வைப்பதற்குப் பிணையம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டது. ஆங்கிலம் ஒரே சொல்லில் மூட்டையாகக் கட்டிவைத்ததைத் தமிழ் அவிழ்த்துத் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கிறது. உங்களுக்குக் குழப்பமாகத் தெரிந்தது உண்மையில் ஒழுங்கு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அடிமைத்தனத்தைச் சொல்லும் ‘பொண்டேஜ்’ என்ற சொல்லையும் இந்தக் கட்டோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றும். சங்கிலியால் கட்டப்பட்டவன் அடிமை, பொருந்துகிறதே என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அது வேறு வேர். பழைய வடபுலத்து மொழியில் ‘போண்டி’ என்றால் நிலைகொண்டு குடியிருப்பவன், வீட்டுக்காரன், உழவன். நம்முடைய ‘குடியானவன்’ என்பதற்கு மிக அருகில் வரும் சொல். கணவனைக் குறிக்கும் ‘ஹஸ்பண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதியும் அதுவே. இங்கிலாந்தை நோர்மானியர் பிடித்த பிறகு சுதந்திரமான உழவன் பண்ணையாளாகத் தாழ்ந்தான். சொல்லும் அவனோடு தாழ்ந்து அடிமை என்றாகிவிட்டது. பிறகு ஒலி ஒற்றுமையால் கட்டு என்ற சொல்லோடு கலந்துபோயிற்று. திரைப்பட உளவாளி பொண்டின் பெயரும் இந்த உழவன் வழியில் வந்த குடும்பப் பெயர்தான். துப்பாக்கியோடு திரிகிறவரின் பூர்வீகம் ஏர் கலப்பை.

இனி இடம் இடமாகப் போவோம். ஐயமே இல்லாத இடம் நீதிமன்றம். சந்தேகநபரை வெளியில் விடுவதற்கு வாங்கும் பொறுப்புக்கு இலங்கைத் தமிழில் பிணை என்றே பெயர். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே பிணைச் சட்டம். காசுப் பிணை, சரீரப் பிணை என்ற இரண்டையும் கொழும்பில் பத்திரிகை படிக்கும் எவரும் அறிவார். காசுப் பிணையில் பணம் கட்டப்படுகிறது. சரீரப் பிணையில் இன்னொரு மனிதர் தம்மைக் கட்டிக்கொடுக்கிறார். ‘தலா ஐந்து இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணைகள்’ என்றால், இரண்டு பேர் வந்து ‘இவர் வராவிட்டால் நாங்கள் அந்தத் தொகைக்குப் பொறுப்பு’ என்று கையெழுத்திடுகிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு ஜாமீன் என்ற சொல்லே வழக்கில் ஊன்றிவிட்டது. அங்கிருந்து வரும் ஆவணத்தை இங்கே தாக்கல் செய்யும்போது நான் அதைப் பிணை என்றே மாற்றிவிடுவேன்.

நீதிமன்றத்துக்கு வெளியே இதே சொல் எப்படி ஆளை விழுத்தும் என்பதை நான் என் பிழையால்தான் கற்றேன். 1990களின் நடுப்பகுதி. வெளிநாட்டுப் புலமைப்பரிசில் கிடைத்த ஓர் இளைஞனுக்காக அவன் வேலை செய்த நிறுவனம் பொண்ட் ஒன்றைத் தயாரித்து, அதைத் தமிழாக்கிப் பெற்றோருக்கு அனுப்பும்படி என்னிடம் கொடுத்திருந்தது. படித்து முடித்துத் திரும்பி வந்து ஐந்தாண்டு சேவை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இரண்டு இலட்சம் ரூபா கட்ட வேண்டும். தகப்பனும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். விடயம் இவ்வளவுதான். நான் கடிதத்தின் தலைப்பில் ‘பிணை’ என்று எழுதினேன். இரண்டாம் நாள் காலை மலையகத்து அட்டனிலிருந்து இரவு ரயிலில் வந்த மனிதர் ஒருவர் என் அறை வாசலில் நின்றார். கூடவே ஊர்க்காரர் ஒருவர். மனைவியின் சங்கிலியை அடகு வைத்த காசு சட்டைப் பையில். “மகனை எங்கே வைத்திருக்கிறார்கள் ஐயா?” என்று கேட்டார்.

தலைப்பு மட்டும் அவரைக் கலங்கடிக்கவில்லை. உள்ளே இருந்த வாக்கியம் இன்னும் மோசம். ஆங்கிலச் சட்ட மரபில் பொண்ட் என்பது தலைகீழாக எழுதப்படும் பத்திரம். ‘நான் இன்னாருக்கு இவ்வளவு தொகை கடன்பட்டிருக்கிறேன்’ என்று முதலில் ஒப்புக்கொள்ளும். பிறகு, ‘ஆனால் இன்ன செயலை நான் செய்து முடித்தால் இந்தக் கடப்பாடு செல்லாததாகும்’ என்று அடியில் நிபந்தனை போடும். செய்ய வேண்டிய வேலை கீழே ஒளிந்திருக்கும், கொடுக்க வேண்டிய பணம் மேலே நிற்கும். நான் அதை வரிக்கு வரி அப்படியே தமிழாக்கியிருந்தேன். ஆகவே அந்த மனிதர் படித்த முதல் வரி, அவரும் அவர் மகனும் இரண்டு இலட்சம் ரூபா கடன்காரர்கள் என்பது. அதற்கு மேல் யார் படிப்பார்கள்? அன்றிலிருந்து பொண்ட் பத்திரத்தை மொழிபெயர்க்கும்போது, சட்ட வாசகத்தை மாற்றாமல், முகப்பில் இரண்டு வரி விளக்கக் குறிப்புச் சேர்க்க அனுமதி கேட்பேன். கொடுக்காத வாடிக்கையாளரும் உண்டு.

காணியோடு சேர்ந்து வரும் பொண்ட் வேறு. வீட்டையோ காணியையோ ஈடுவைத்துக் கடன் வாங்கும்போது எழுதுவது ஈட்டு முறி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, இத்தகைய ஆவணம் நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையெழுத்தாக வேண்டும். இங்கே கட்டப்படுவது காணி. கடன் தீரும்வரை அது முழுமையாக உங்களுடையது அல்ல. ‘ஈடு’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருப்பதால் இதில் எனக்கு ஒருநாளும் தடுமாற்றம் வந்ததில்லை.

இப்போது ‘முறி’க்கு வருவோம், ஏனென்றால் பலரை இடறச் செய்வது அதுதான். 2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி நடத்திய ஏலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 1 பில்லியன் ரூபாவுக்கு அழைக்கப்பட்ட 30 ஆண்டு முறிக்கு 10 பில்லியனுக்கு மேல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது பெரும் சர்ச்சையாகி, அதிலிருந்து பல ஆண்டுகள் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் ‘பிணைமுறி’ என்ற சொல்தான். ஒருநாள் முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபடி என்னைக் கேட்டார்: “யாரோ பிணையை முறித்துவிட்டு ஓடிவிட்டார்களாமே, அவரைப் பிடித்தார்களா?” சிரித்தேனே தவிர, அவர் தமிழில் குறை காண முடியவில்லை. பிணைமுறி என்று சேர்த்து எழுதினால் பிணையை முறி என்று ஏவுவதாகத்தானே ஒலிக்கிறது?

முறி என்றால் ஒடி, உடை என்பது எல்லோருக்கும் தெரியும். உடைத்த துண்டுக்கும் அதே பெயர். தளிருக்கும் இலைக்கும் முறி என்று பழந்தமிழில் பெயர் உண்டு. எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்கும் முறி என்ற பொருள் அகராதியில் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கோத்து, ஓலையை முறித்து எழுதியதால் பத்திரம் முறியாயிற்று என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அது என் ஊகம்; அகராதி பொருளைத் தருகிறது, வழியைத் தரவில்லை. இதே எண்ணம் பிரெஞ்சுக்காரருக்கு வந்தது மட்டும் உறுதி. அவர்கள் மொழியில் ‘வெட்டு’ என்ற வினையிலிருந்து வந்ததுதான் கூப்பன். முற்காலத்தில் முறிப் பத்திரத்தின் ஓரத்தில் சிறு சிறு சதுரங்கள் அச்சிட்டிருக்கும். வட்டி வாங்கும் நாளில் ஒன்றைக் கத்தரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் காசு கிடைக்கும். கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற தலைமுறை நாம். நமக்கு அந்தச் சொல் வயிற்றோடு சம்பந்தப்பட்டது. ஆனால் முறி வியாபாரிகள் இன்றும் வட்டியைக் கூப்பன் என்றே சொல்கிறார்கள், கத்தரிப்பதற்குக் காகிதமே இல்லாதபோதும்.

பத்திரிகைகள் பாதி பிழை என்று சொன்னதற்குக் காரணம் இது. திறைசேரி முறியில் பிணை எதுவும் இல்லை. யாரும் சரீரப் பிணை நிற்பதில்லை, எந்தக் காணியும் ஈடாக வைக்கப்படுவதில்லை. அரசாங்கம் உங்களிடம் கடன் வாங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தருவேன், இன்ன ஆண்டில் முதலைத் திருப்பித் தருவேன் என்று வாக்குக் கொடுக்கிறது. வாக்கு ஒன்றுதான் கட்டு. அது அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை 2022 ஏப்ரல் 12ஆம் திகதி பார்த்தோம். வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக நிதியமைச்சு அறிவித்தது. 2007இல் 500 மில்லியன் டொலரில் தொடங்கிய பன்னாட்டு முறிகளை வைத்திருந்தவர்களுக்குக் கைப்பற்ற ஒரு குண்டூசிகூட ஈடாக இருக்கவில்லை. பேச்சுவார்த்தை மேசைதான் மிஞ்சியது. ஆகவே மத்திய வங்கி தன் தமிழ் வெளியீடுகளில் ‘முறி’ என்று தனியாக எழுதுவதே நேர்மை என்பது என் கட்சி. மறுதரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. முறி என்று தனியாக எழுதினால் வாசகர் மயங்குவார், அரசு தன்னையே பிணைத்துக்கொள்வதால் பிணைமுறி பொருந்தும் என்பார்கள். பிணைமுறி ஊருக்குள் ஊன்றிவிட்டது, அதைப் பிடுங்க எனக்குச் சக்தியில்லை. வங்கிக்கோ நிதி அமைச்சுக்கோ எழுதும்போது முறி, பொது வாசகருக்கு எழுதும்போது பிணைமுறி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

கூடவே ஒன்று. திறைசேரி உண்டியலையும் முறியையும் பலர் குழப்புகிறார்கள். உண்டியல் குறுகிய காலக் கடன். 91, 182, 364 நாட்களுக்கு விற்கப்படுகிறது. கூப்பன் கிடையாது, குறைந்த விலைக்கு வாங்கி முடிவில் முழு விலையைப் பெறுகிறீர்கள். முறி நீண்ட காலத்தது. அதன் கூப்பன் மாறாது, ஆனால் சந்தை விலை மாறும். 100 ரூபா முகப்பெறுமதியும் 10 சதவீதக் கூப்பனும் உள்ள 10 ஆண்டு முறியை நீங்கள் வைத்திருக்க, சந்தை 12 சதவீதம் கேட்கத் தொடங்கினால், உங்கள் முறிக்கு ஏறத்தாழ 88 ரூபா 50 சதம்தான் கிடைக்கும். வட்டி ஏறினால் விலை இறங்கும் என்ற வரியைப் பிழை என்று நினைத்துத் திருத்திய ஓர் இளம் மொழிபெயர்ப்பாளரை எனக்குத் தெரியும். அந்த வரி சரியாகத்தான் இருந்தது. உண்டியல் என்ற சொல்லும் சும்மா இல்லை பாருங்கள். கோயிலில் காணிக்கைப் பெட்டி, செட்டியார் தெருவில் வங்கி வழியில்லாமல் காசு அனுப்பும் முறை, மத்திய வங்கியில் அரசின் கடன். ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இரசாயனத்தில் சொல் தெளிவு. இலங்கைப் பாடநூல்களில் பிணைப்பு: அயன் பிணைப்பு, பங்கீட்டு வலுப் பிணைப்பு, உலோகப் பிணைப்பு, ஐதரசன் பிணைப்பு. தமிழ்நாட்டு நூலில் பங்கீட்டு வலுப் பிணைப்பைச் சகப்பிணைப்பு என்பார்கள். பிள்ளை எந்த நாட்டுப் பரீட்சைக்குப் படிக்கிறதோ அந்தச் சொல்லைப் போடுங்கள். இங்கே சொல்லைவிட வினைதான் பொறி. ‘பிணைப்பை உடைத்தால் சக்தி வெளிவரும்’ என்று மொழிபெயர்த்துவிட்டு, உறவினரான ஓர் இரசாயன ஆசிரியையிடம் காட்டினேன். அவர் சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். கட்டை அவிழ்க்கச் சக்தி செலவழிய வேண்டும். கட்டு உருவாகும்போதுதான் சக்தி வெளிவரும். எரியும்போது வெப்பம் வருவது, பழைய கட்டுகளை அவிழ்க்கச் செலவானதைவிடப் புதிய கட்டுகள் உருவாகும்போது கிடைப்பது அதிகமாக இருப்பதால். நீரில் ஒட்சிசனுக்கும் ஐதரசனுக்கும் இடையிலான பிணைப்பை உடைக்க ஒரு மூலுக்கு ஏறத்தாழ 463 கிலோயூல் வேண்டும். ஒரு நீர் மூலக்கூற்றை அடுத்ததோடு கட்டும் ஐதரசன் பிணைப்புக்கு அதில் இருபதில் ஒரு பங்கு அளவே போதும். கேத்தலில் தண்ணீர் கொதிக்கும்போது அவிழ்வது அந்த இளங்கட்டுதான். வன்கட்டு அவிழ்வதில்லை, அதனால்தான் ஆவியும் நீராகவே இருக்கிறது. இரண்டுக்கும் பிணைப்பு என்ற ஒரே சொல் நிற்பதை எண்ணிப் பார்த்தால், தமிழும் சில மூட்டைகளை அவிழ்க்காமலே விட்டிருக்கிறது.

மற்றத் தொழில்களை ஓட்டமாகச் சொல்கிறேன். மேசன்மார் பொண்ட் என்பது செங்கல்லை அடுக்கும் விதம். மேல் வரியின் இணைப்பும் கீழ் வரியின் இணைப்பும் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது, அவ்வளவுதான் இரகசியம். ஒரு வரி முழுவதும் கல்லை நீளவாட்டில் வைத்து, அடுத்த வரி முழுவதும் தலை தெரிய வைத்தால் இங்கிலீஷ் பொண்ட். ஒரே வரியில் நீளமும் தலையும் மாறி மாறி வந்தால் பிளெமிஷ் பொண்ட். இதற்குக் ‘கட்டு’ என்ற சொல் அழகாக இருக்கும்; ஆனால் வேலைத் தளத்தில் உள்ளவருக்கான குறிப்பு என்றால் பொண்ட் என்றே விடுங்கள். மலிபன் வீதிக் கடைகளில் பொண்ட் பேப்பர் என்று கேட்பது தடித்த, உறுதியான தாள். முற்காலத்தில் முறிப் பத்திரங்களை அச்சிட்ட தாள் என்பதால் வந்த பெயர். தாய்க்கும் குழந்தைக்கும் இடையில் உளவியலாளர் சொல்லும் பொண்டுக்குப் பிணைப்பு போதும், பந்தம் இன்னும் நல்லது.

உங்கள் கையேட்டுக்கு வருகிறேன். இயந்திரம் எளிது. துணியையும் துணியையும் வெப்பத்தாலும் பசையாலும் தையலின்றி ஒட்டும் இயந்திரம் அது. ‘ஒட்டும் இயந்திரம்’ என்று எழுதினால் மேற்பார்வையாளர் சிரிக்கமாட்டார். தொழிற்சாலைக்குள் எல்லோரும் பொண்டிங் மெஷின் என்றே சொல்வதால், முதல் தடவை அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

பொண்டில் இருக்கும் துணி சுங்கத்தோடு தொடர்புடையது. தீர்வையைக் கட்டாமல் பொருளை இறக்கி, சுங்கத்தின் கட்டுப்பாட்டில் உள்ள களஞ்சியத்தில் வைக்கலாம். வெளியே எடுக்கும்போது தீர்வையைக் கட்டுவேன், அல்லது திரும்ப ஏற்றுமதி செய்துவிடுவேன் என்று இறக்குமதியாளர் சுங்கத்துக்கு எழுதிக்கொடுக்கும் வாக்குறுதிதான் முதலில் பொண்ட். பிறகு அந்தக் களஞ்சியமே பொண்ட் ஆகிவிட்டது. துறைமுகத்து வார்ஃப் கிளார்க்குகள் ‘சரக்கு பொண்டில் கிடக்கிறது’ என்பது இதைத்தான். 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம் காலத்திலிருந்து இந்த ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை. ‘தீர்வை செலுத்தப்படாமல் சுங்கப் பிணையில் உள்ள துணி’ என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் அந்தத் துணியில் ஒரு முழத்தை வெளியே எடுத்தாலும் ஏன் குற்றம் என்பது தொழிலாளிக்கு உடனே விளங்கும்.

மிஞ்சியிருப்பது பயிலுநர் கையெழுத்திடும் பொண்ட். இதுதான் எனக்கு முழுத் திருப்தியான சொல் கிடைக்காத இடம். பிணை என்றால் அட்டன் ரயில் நினைவுக்கு வருகிறது. முறி என்றால் திறைசேரி வந்துவிடுகிறது. ஒப்பந்தம் என்றால் மெலிந்துபோகிறது. விலகினால் பணம் என்ற முள் அதில் தெரியவில்லை. நான் ‘சேவைக் காலக் கடப்பாட்டு முறி’ என்று எழுதிவந்தேன். அரச ஆவணம் என்றால் அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதியைப் பார்த்து அதையே பின்பற்றுங்கள். தொழிற்சாலைக் கையேடு என்றால் கடப்பாட்டு முறி என்று ஒருமுறை எழுதி, பக்கத்திலேயே எத்தனை மாதம், விலகினால் எவ்வளவு என்பதை இலக்கத்தில் போட்டுவிடுங்கள். அந்த நிபந்தனை சட்டப்படி செல்லுமா என்று பயிலுநர் யாராவது உங்களைக் கேட்டால், சட்டத்தரணியிடம் அனுப்புங்கள்; அது நம் வேலையல்ல.

அட்டன்காரர் அன்று என்ன சொன்னார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகன் எங்கும் அடைபடவில்லை, கடனும் வாங்கவில்லை என்று விளக்கி, ஒரு தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன். ‘ஐந்து வருடம் இருந்தால் ஒன்றும் இல்லை, இடையில் போனால் இவ்வளவு கட்ட வேண்டும்’ என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் தலையாட்டினார். “துண்டு என்று எழுதியிருக்கலாமே ஐயா” என்றார். அவருடைய தகப்பனார் துண்டு முறைக் காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். அன்று தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், அவர் பெயரில் உள்ள கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவர் ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று எழுதிய துண்டுத் தாள் வேண்டும். 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒழிந்து எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியும், அந்தச் சொல் அவர் வாயில் சூடாக இருந்தது. நான் எந்த ஆவணத்திலும் அந்தச் சொல்லை எழுதவில்லை, எழுதவும் முடியாது. அவர் கையெழுத்திட வேண்டிய இடத்தைக் காட்டச் சொன்னார். பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஐந்து வருடம்தானே?” என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டார்.